20 படுக்கை ஊர் மருத்துவமனை: கமிட்டி எதுவரை, டாக்டர் எதுவரை, பணம் எங்கே ஒழுகுகிறது?

புதுச்செயலாளர்

தாலுகா ஊர், 20 படுக்கை. பிரசவம், பொது மருத்துவம், வாரத்தில் இரண்டு நாள் ஆபரேஷன், எக்ஸ்ரே, ஸ்கேன், லேப், பார்மசி எல்லாம் உண்டு. நடத்துவது 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம். கமிட்டியில் 11 பேர், அதில் டாக்டர் ஒருவர். கட்டடம் சொந்தம், கடன் கிடையாது. படுக்கை பாதிக்கு மேல் நிரம்புகிறது. இருந்தும் மாதக் கடைசியில் சம்பளத்துக்கு இழுபறிதான்.

கேட்க வேண்டியவை: கணக்கை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? தலைமை டாக்டருக்குக் கமிட்டியில் ஓட்டு தரலாமா? பார்மசியைக் குத்தகைக்கு விடச் சொல்கிறார்கள், சரியா? ஒரு நன்கொடையாளர் ஆக்சிஜன் பிளான்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

பேரேடு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். "படுக்கை நிரம்பினால் தேறிவிடும்" என்ற நினைப்பை முதலில் விடுங்கள். 20 படுக்கையை வைத்து 24 மணி நேர மருத்துவமனை நடத்தினால் படுக்கை வருமானம் மட்டும் போதவே போதாது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. எண்களை உங்கள் பேரேட்டிலிருந்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு (சம்பளம், டியூட்டி டாக்டர், கரண்ட், டீசல், பராமரிப்பு ஒப்பந்தங்கள், கழிவு வண்டி) மாதம் 9,60,000 என்று வையுங்கள். ஒரு படுக்கை நாளில் (ஒரு படுக்கையில் ஒரு நோயாளி ஒரு நாள் இருப்பது) மருந்து, சாமான் செலவு போக நிற்பது 1,200. 60 சதவீதம் நிரம்பினால் மாதத்துக்கு 360 படுக்கை நாள், அதாவது 4,32,000. இன்னும் 5,28,000 வேண்டும். ஓ.பி. நாளுக்கு 80 பேர், 26 நாள், தலைக்கு நிகரமாக 100 என்றால் 2,08,000. லேப், ஸ்கேன் சேர்ந்து 1,40,000. பார்மசி லாபம் 1,20,000. அப்படியும் 60,000 துண்டு விழுகிறது.

ஆண்டுக்கு 7,20,000. நன்கொடையாளரிடம் கேட்க வேண்டிய தொகை இதுதான். ஆனால் நம் ஊரில் யாரும் சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், பெயர்ப் பலகை மாட்டுகிற மாதிரி ஒரு அறைக்குத்தான் கொடுப்பார்கள். அந்த அறைக்கு ஏ.சி., ஆள், சுத்தம் என்று நிலைச்செலவு இன்னும் ஏறும். கட்டட நன்கொடை எது வந்தாலும் அதில் ஒரு பங்கு பராமரிப்பு வைப்புநிதிக்குப் போகும் என்று முதலிலேயே ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். நன்கொடையாளர் வந்து உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

இன்னொன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. ஒரே நோயாளியிடம் ஒரு பில்லுக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதம். தவணையாக வாங்கினாலும் தப்பாது. கவுண்டரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆலமரத்தடி

கமிட்டி விஷயம். 11 பேர் அதிகம்தான், பரவாயில்லை. பைலாவை, அதாவது சங்க விதிகளைத் திறந்து பதவிக்காலம் பாருங்கள். சங்கச் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேல் கிடையாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். பொதுக்குழு கூடாமலே "ஒருமனதாக" என்று மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி வைத்திருந்தால் நாளைக்கு ஒரு தகராறு வரும்போது வங்கிக் கணக்கு முடங்கும்.

உண்மையான ஒழுகல் தள்ளுபடியில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் நேரத்தில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் போன் போடுவார்: "நம்ம பையன்தான், பார்த்துப் போடுங்க." கேஷியர் 8,400 பில்லை 5,000 ஆக்குவார். பில்லில் தள்ளுபடிக் கட்டம் காலியாகவே இருக்கும், மொத்தத்தையே குறைத்து அடித்திருப்பார். மாதக் கடைசியில் எவ்வளவு இலவசம் கொடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. நிஜமான ஏழைக்குப் போன் போட ஆள் இருக்காது, முழுப் பணமும் கட்டிவிட்டுப் போவார்.

செய்ய வேண்டியது: பில் எப்போதும் முழுத் தொகைக்கு. தள்ளுபடி தனி வரியில், காரணத்தோடு, கையெழுத்தோடு. 25 சதவீதம் வரை தலைமை டாக்டர் தரலாம், அதற்கு மேல் டாக்டரும் செயலாளரும் சேர்ந்து. மாதாந்திர இலவச நிதிக்கு ஒரு உச்சவரம்பு. கமிட்டி உறுப்பினர் பரிந்துரைத்தால் அவர் பெயரும் அந்த வரியில் ஏற வேண்டும். கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்தாலே போன்கள் பாதியாகும்.

உறுப்பினரோ அவர் குடும்பமோ மருத்துவமனைக்கு எதையாவது விற்கிறார்களா, வாடகைக்கு விடுகிறார்களா என்று ஆண்டுக்கொரு முறை எழுதி வாங்குங்கள். சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வருமான வரி விலக்கு ஆட்டம் காணும். மகனுக்கு மருந்து ஏஜென்சி இருப்பது குற்றமில்லை. அந்தக் கொட்டேஷன் மேசைக்கு வரும்போது அப்பா எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

டியூட்டிரூம்

தலைமை டாக்டருக்கு ஓட்டு வேண்டாம் என்பது என் கட்சி. நானும் டாக்டர்தான். தன் சம்பளம், தான் கேட்கும் மெஷின், தன் மேல் வரும் புகார், மூன்றுக்கும் அவரே ஓட்டுப் போடும்படி ஆகும். கூட்டத்துக்கு வரட்டும், பேசட்டும், எதிர்ப்பு இருந்தால் மினிட்ஸில் பதியட்டும்.

ஆனால் மறுபக்கத்திலும் கோடு வேண்டும். யாரை அட்மிட் செய்வது, எந்த மருந்து எழுதுவது, யாரை மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது, இதில் கமிட்டி வாயே திறக்கக் கூடாது. "சிசேரியன் ஏன் குறைந்தது?" என்று பொருளாளர் கேட்ட மருத்துவமனைகள் உண்டு. அப்படிக் கேட்ட அன்றே நல்ல டாக்டர் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஆலமரத்தடி

ஓட்டு இல்லாமல் பொறுப்பு மட்டும் கொடுத்தால் எந்த டாக்டர் தாலுகா ஊரில் நிற்பார் சார்? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-லும், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி 1993-லும் ஆரம்பித்தன. இரண்டிலும் டாக்டர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததால்தான் வேரூன்றின. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்சி கொடுத்து நர்சிங் வேலைக்குக் கொண்டுவந்ததும் அவர்கள் எடுத்த முடிவு.

டியூட்டிரூம்

அங்கே டாக்டர்கள் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள். இவர்களுக்குச் சங்கம் முதலில் வந்தது, டாக்டர் சம்பளத்துக்கு வந்தவர். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. வேண்டுமானால் கமிட்டிக்கு வெளியிலிருந்து, இங்கே பிராக்டிஸ் இல்லாத ரிட்டயர்டு டாக்டர் ஒருவரை ஓட்டோடு சேருங்கள். இறப்பு, மறு ஆபரேஷன், புகார் இவற்றை மாதம் ஒருமுறை அவரும் தலைமை டாக்டரும் உட்கார்ந்து கேஸ் ஷீட்டோடு பார்க்கட்டும்.

ஸ்டோர்கீப்பர்

பார்மசியைக் குத்தகைக்கு விடாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 1,20,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குத்தகைக்காரர் மாதம் 40,000 தருவார், நிம்மதியாக இருக்கும். பிறகு எந்தக் கம்பெனி மருந்து எழுத வேண்டும் என்று அவர் டாக்டரிடம் பேச ஆரம்பிப்பார். வார்டில் ராத்திரி 2 மணிக்குப் பிரசவத்துக்கு வேண்டிய ஆக்சிடோசின் ஊசி இல்லையென்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

சொந்தமாக நடத்தினால் நஷ்டம் எங்கே வரும்? பத்துக்கு இரண்டு இலவசம் என்று கம்பெனி சொன்னதும் ஆறு மாதச் சரக்கை வாங்கிப் போடுவது. காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே மொத்த வியாபாரிக்குத் திருப்பாவிட்டால் அப்புறம் எடுக்க மாட்டார், மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில்தான் போகும். புதுப் பெட்டியை முன்னால் அடுக்கிப் பழையதைப் பின்னால் தள்ளுவது. வார்டுக்கு "ஸ்டாக்" என்று அனுப்பியதை யார் பில்லிலும் ஏற்றாமல் விடுவது, இதுதான் பெரியது. கேனுலா, கையுறை, சலைன் செட், பஞ்சு, இவை பில்லில் ஏறாமலே தீரும். வார்டு அலமாரியில் எதற்கு எத்தனை என்று அளவு கட்டி, காலையில் குறைந்த எண்ணிக்கையை முந்தைய நாள் பில்களோடு ஒத்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

மறு ஆர்டர் அளவுக்கு மூளை கசக்க வேண்டாம். நார்மல் சலைன் நாளுக்கு 30 பாட்டில் ஓடுகிறது, ஆர்டர் போட்டால் 4 நாளில் வரும், 3 நாள் கையிருப்பு பாதுகாப்புக்கு: 210-க்கு வந்ததும் ஆர்டர். விலை அதிகமான பத்துப் பன்னிரண்டு சரக்கை வாரம் ஒருமுறை எண்ணுங்கள், மற்றதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாம்புக்கடி விஷமுறிவு, மக்னீசியம் சல்பேட், அட்ரினலின் ஆகிய அவசர மருந்துகள் விலை குறைவோ ஓட்டம் குறைவோ தினமும் கண்ணில் பட வேண்டும்.

பார்மசி லைசென்ஸ் பார்மசிஸ்டை நம்பித்தான் நிற்கிறது. அவர் ராஜினாமாக் கடிதம் நீட்டினால் அன்றே மாற்று ஆள் தேடுங்கள். எச்1 பதிவேட்டை (கட்டுப்பாடுள்ள சில மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதுவது) 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

மேனிஃபோல்டு

ஆக்சிஜன் பிளான்ட்: பொறுங்கள். உங்கள் தேவையைக் கணக்குப் போடுங்கள்.

ஒரு பெரிய சிலிண்டர், அதாவது டி டைப், நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 7,000 லிட்டர். நான்கு நோயாளி, தலைக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் மணிக்கு 1,200, நாளுக்கு 28,800. சிலிண்டரின் அடியில் மிச்சம் விடுவது, கசிவு எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 5 சிலிண்டர். வண்டி வாரத்தில் இரண்டு நாள் வருகிறது, நடுவில் அதிகபட்சம் 4 நாள் இடைவெளி என்றால் 20 நிரம்பிய சிலிண்டர் கையில் வேண்டும். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் கலந்த காற்றைத் தரும் ஹை ஃப்ளோ மெஷின் ஒன்றை நிமிடத்துக்கு 50 லிட்டரில், 60 சதவீத ஆக்சிஜனில் ஓட்டினால் அது மட்டும் நிமிடத்துக்கு 25 லிட்டர் குடிக்கும், ஒரு சிலிண்டர் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது.

பி.எஸ்.ஏ. பிளான்ட், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பிளான்ட், தருவது 93 சதவீதத் தூய்மை, கூடக் குறைய 3. மருத்துவத்துக்குப் போதும். சிக்கல் வேறு இடத்தில்: கரண்ட் போனால் அதுவும் நிற்கும், அதனால் சிலிண்டர் வரிசை எப்படியும் தயாராக இருக்க வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெயும் ஈரமும் ட்ரையரைத் தாண்டி, நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் படுக்கைக்குப் போனால் தூய்மை மெல்ல விழும், அதை அளக்கும் அனலைசர் பழுதானால் யாருக்கும் தெரியாது. கொரோனா நேரத்தில் நன்கொடையாக வந்த பிளான்ட்கள் பல இடங்களில் இப்படித்தான் துணி போர்த்தி நிற்கின்றன. நாளுக்கு 5 சிலிண்டருக்கு அது லாயக்கில்லை. அந்த நன்கொடையாளரிடம் ஆறுக்கு ஆறு மேனிஃபோல்டு (ஆறு ஆறாக இரண்டு வரிசை சிலிண்டரைப் பைப்லைனோடு இணைப்பது), குறை அழுத்த அலாரம், பைப்லைன் சோதனை, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கேளுங்கள். பெயர்ப் பலகை அதற்கும் மாட்டலாம்.

கசிவு பார்க்கும் விதம்: யாருக்கும் ஆக்சிஜன் ஓடாத நேரத்தில் லைன் அழுத்தத்தை 4 பார் சுமாரில் குறித்து, மேனிஃபோல்டு வால்வை மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் வார்டு வார்டாக ஐசொலேஷன் வால்வை (அந்தப் பகுதிக்கு மட்டும் ஆக்சிஜனை அடைப்பது) மூடித் தேடுங்கள். பெரும்பாலும் படுக்கைத் தலைமாட்டு அவுட்லெட்டின் ஓ-ரிங், இல்லையென்றால் சிலிண்டரை இணைக்கும் பிக்டெயில் குழாயின் வாஷர். சோப்பு நீர் போதும். எண்ணெயோ கிரீஸோ எந்த மூட்டிலும் படக் கூடாது, அழுத்த ஆக்சிஜனில் அது பற்றிக்கொள்ளும்.

ஜெனரேட்டர் கிளம்பாததற்கு முதல் காரணம் எஞ்சின் இல்லை, பேட்டரி. வாரம் ஒருமுறை மெயினை நிஜமாகவே அணைத்து, அரை மணி நேரம் உண்மையான லோடில் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு ரிஜிஸ்டரில் டிக் அடிப்பது கெடுதல், சைலன்சரில் கரியும் எண்ணெயும்தான் சேரும். மாறும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்குத் தியேட்டர் லைட்டும் மானிட்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும்.

புதுச்செயலாளர்

பிளான்ட் விஷயம் தெளிவாகிவிட்டது, நன்றி. ஸ்டெரிலைசேஷன் பற்றி ஒரு சந்தேகம். நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டுகிறது, மேலே ஒட்டும் இண்டிகேட்டர் டேப்பும் கறுக்கிறது. இருந்தும் ஆபரேஷன் புண் சீழ் வைப்பது கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். மெஷினை மாற்ற வேண்டுமா?

தியேட்டர் சிஸ்டர்

மெஷினை மாற்றும் முன் அடுக்குவதைப் பாருங்கள் சார்.

15 பி.எஸ்.ஐ. என்றால் 121 டிகிரி என்பது உள்ளே காற்று முழுக்க வெளியேறிச் சுத்த நீராவி மட்டும் இருந்தால்தான். காற்று மிச்சமிருந்தால் முள் 15-ல் நிற்கும், சூடு அதற்குக் கீழே இருக்கும். காற்று நீராவியைவிடக் கனம், கீழேதான் தங்கும். அதனால் அடித்தட்டு மூட்டைதான் வேகாமல் போவது. வடிகால் சல்லடையில் நூலும் பஞ்சும் அடைத்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

துணி அடைத்த உலோக ட்ரம்மை உள்ளே வைக்கும்போது பக்கவாட்டுத் துளை திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்தவுடன் மூட வேண்டும். இரண்டில் ஒன்று தலைகீழாக நடக்கும். மூடியபடியே உள்ளே போயிருந்தால் ட்ரம்முக்கு வெளியே ஒட்டிய டேப் அழகாகக் கறுக்கும், உள்ளே துணி வேகாமலே இருக்கும். டேப் சொல்வது "இது சூட்டில் இருந்தது" என்பது மட்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் கெமிக்கல் இண்டிகேட்டர் அட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் (கிருமி நிஜமாகவே சாகிறதா என்று பார்ப்பது), முடிவை ரிஜிஸ்டரில் ஏற்றுங்கள். மூட்டை 5 கிலோவைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். கையை நடுவில் நுழைக்க இடமில்லாமல் அடுக்கினால் நீராவிக்கும் இடமில்லை.

முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து 15, 20 நிமிடம் விட்டுக் காய்ந்த பிறகு எடுங்கள். ஈர மூட்டை ஸ்டெரைல் கிடையாது, அலமாரியில் வைத்தவுடன் கிருமி துணி வழியே ஊறி ஏறும். அவசரத்துக்கு எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் செட் இரண்டுதான் இருக்கும். மூன்றாவது சிசேரியன் செட் ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஆள் கணக்கும் சொல்கிறேன், கமிட்டிகளுக்கு இது புரிவதே இல்லை. வார்டில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ், நாளுக்கு மூன்று ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 42 ஷிப்ட். ஆளுக்கு வாரம் 6, ஆக 7 பேர். லீவு, பிரசவ விடுப்பு, பயிற்சிக்கு ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள்: 9 பேர். தியேட்டரும் லேபர் ரூமும் இதில் இல்லை. 6 பேரை வைத்து ஓட்டினால் டபுள் டியூட்டியில்தான் ஓடும், இன்ஜெக்ஷன் மாறுவதும் அந்தப் பதினான்காவது மணி நேரத்தில்தான்.

கிளெய்ம்

முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா? ஆண்டு வருமானம் 1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தாலுகா ஊரில் இதில் இல்லாவிட்டால் ஆபரேஷன் கேஸ் கைவிட்டுப் போகும். ஆனால் பணம் இன்று செய்த ஆபரேஷனுக்கு நாளை வராது. மூன்று மாதச் சாமான் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கிளெய்ம் திரும்புவது வைத்தியத்தில் குறை இருந்து அல்ல, காகிதத்தில். அனுமதி வாங்கியது ஒரு சிகிச்சைக்கு, உள்ளே போனபின் செய்தது வேறு, திருத்த அனுமதி கேட்கவில்லை. ஆபரேஷன் நோட்டில் ஒரு தேதி, டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு. ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரே ஏற்றவில்லை. ஒரே ஒரு ஆள் டிஸ்சார்ஜுக்கு முன்பே படுக்கையருகில் கேஸ் ஷீட்டைச் சரிபார்த்தால் முக்கால்வாசி தீரும். திட்டத்தில் வந்த நோயாளியிடம் தனியே பணம் வாங்கவே கூடாது, "மருந்துக்கு மட்டும்" என்றாலும்.

ரிஜிஸ்டர்

லைசென்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. எந்தெந்தச் சான்று எப்போது முடிகிறது, யார் பெயரில் நிற்கிறது என்று ஒரே தாளில் எழுதிச் செயலாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். மருத்துவ நிறுவனப் பதிவு 5 ஆண்டு, நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஸ்கேன் பதிவும் 5 ஆண்டு, முடிய 30 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம். எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய இணையதளத்தில் உரிமம், டெக்னீஷியனுக்கு அவர் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ்.

ஸ்கேனில்தான் கவனம். கர்ப்பிணிகளுக்கு எடுத்த ஒவ்வொரு ஸ்கேனுக்கும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி, எஃப் படிவம், மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள். ஸ்கேன் பார்க்கும் டாக்டர் மாறினாலோ மெஷினை வேறு அறைக்கு நகர்த்தினாலோகூட 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மெஷினுக்குச் சீல் விழலாம். "பாலினம் சொல்லவில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

கழிவு: மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சு, திசு, காலாவதி மருந்து. சிவப்பில் குழாய், சலைன் செட், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை. ஊசியும் பிளேடும் குத்தினால் துளையாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஆண்டறிக்கை ஜூன் 30. வண்டி ஒருநாள் வராவிட்டால் அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள், நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்க் குழு கட்டாயம். பெரும்பாலான சிறு மருத்துவமனைகளில் பலகை இருக்கும், குழு இருக்காது.

மேனிஃபோல்டு

தீயும் சேருங்கள். 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீ விபத்தில் 6 பேர் இறந்தார்கள், லிப்ட்டுக்குள் சிக்கி மயங்கியவர்களும் அதில் உண்டு. பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகை. மாடிப்படிக்கு அடியில் பழைய மெத்தை, ஃபைல் மூட்டை, காலி அட்டைப்பெட்டி கிடந்தால் இன்றே அகற்றுங்கள். ராத்திரி ஷிப்ட் சிஸ்டருக்கு ஆக்சிஜன் ஐசொலேஷன் வால்வு எங்கே என்று தெரியுமா, பின்வாசல் சாவி யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள்.

புதுச்செயலாளர்

பின்வாசல் பூட்டுச் சாவி வாட்ச்மேனிடம். அவர் ராத்திரி முன்கேட்டில் இருப்பார். பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுபடி விதி, உறுப்பினர் வியாபார அறிவிப்பு, மூன்றாவது சிசேரியன் செட், இவை மூன்றும் அஜெண்டாவில். பார்மசி குத்தகையைத் தள்ளிவைக்கிறோம். தள்ளுபடிக்கு மாத உச்சவரம்பு எவ்வளவு வைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பேரேடு

போன வருஷம் நன்கொடையில் நிபந்தனை இல்லாமல் வந்ததை 12-ஆல் வகுங்கள். அதில் அந்த 60,000 துண்டைக் கழித்தது போக மிச்சம் எவ்வளவோ அதுதான் வரம்பு. கழித்தால் மைனஸ் வருகிறது என்றால் கட்டண அட்டவணையைத் திறங்கள். தனி அறை வாடகையைக் கடைசியாக எந்த வருஷம் ஏற்றினீர்கள் என்று பாருங்கள்.